தள்ளுகிறதா, இழுக்கிறதா

அல்ப்ஸ் மலை எப்படி உண்டானது என்று தெரியாமலேயே நான் சுவிஸில் முப்பது வருடத்துக்கு மேல் நிம்மதியாக வாழ்ந்துவிட்டேன். தெரிந்துகொள்ள வேண்டிய தேவை வந்தது, குடியுரிமைக்கு விண்ணப்பிப்போம் என்று என் மனைவி சொன்ன பிறகுதான்.

"இஞ்ச பாருங்க, நான் போடப்போறன். ஒண்டாப் போட்டா ஒண்டாத்தான் கூப்பிடுவாங்களாம்" என்றாள்.

"சரி" என்றேன். எங்கள் வீட்டில் பெரிய முடிவுகள் எல்லாம் இந்த அளவு கலந்துரையாடலோடுதான் எடுக்கப்படும்.

அவளுக்குக் காரணங்கள் இருந்தன. மட்டக்களப்புப் பெண் அவள். இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. தேர்தல் ஞாயிறு வரும்போதெல்லாம், கை நடுங்கும் கிழவர்களின் வாக்குச் சீட்டைக் கவரில் போட்டு, ஒட்டி, தபாலில் சேர்ப்பவள் அவள்தான். ஊரே வாக்களிக்கிறது, ஒட்டுகிறவளுக்கு வாக்கு இல்லை. அது அவளுக்கு உறுத்தியது. இன்னொன்றும் உண்டு. இந்த நாட்டுக்குப் பத்தொன்பது வயதில் தனியாக வந்து அகதி முகாம் வரிசையில் நின்றவள். பிறகு அவளுடைய சகோதரங்கள் நாலு நாட்டுக் கடவுச்சீட்டோடு நாலு பக்கம் போய்விட்டார்கள். "இனி எந்த வரிசையிலயும் என்னால தனிய நிக்கேலா. வாங்கினா ரெண்டு பேரும் ஒண்டா வாங்குவம்" என்றாள்.

எனக்கு? பாசலில் ஒரு மருந்துக் கம்பெனியின் உணவகச் சமையலறையில் வேலை. ட்ராம் பாதை முடிகிற இடத்தில், நகரத்தை ஒட்டிய ஒரு சிறிய ஊராட்சியில் வீடு. ஓய்வு கிடைத்தால் நகைச்சுவைக் கட்டுரை எழுதுவேன். எனக்குத் தெரிந்தவர்கள் மட்டும் வாசிப்பார்கள். நிரந்தர வதிவிட அட்டை சட்டைப்பையில் இருந்தது. அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. குறை தெரியாமல் இருப்பது ஒரு குறை என்று அப்போது எனக்குத் தெரியாது.

நேர்காணலுக்குத் திகதி வந்ததும் செய்தி பரவியது. இந்த இடத்தில் எங்கள் ஆட்களின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் பரீட்சை நெருங்கினால் ரியூசன் ஆசிரியர்கள் 'எதிர்பார்க்கை வினா' தருவார்கள். இந்த வருடம் இது கட்டாயம் வரும், இது வராது என்று ஜோதிடம்போலச் சொல்வார்கள். நாங்களும் வருவதை மட்டும் பாடமாக்குவோம். ரியூசன் கொட்டிலை விட்டு எத்தனையோ ஆயிரம் மைல் வந்துவிட்டோம்; பழக்கம் எங்களை விட்டுப் போகவில்லை. சுவிஸ் குடியுரிமை நேர்காணலுக்கும் இப்போது எதிர்பார்க்கை வினாக்கள் வாய்வழியாக உலாவுகின்றன.

எனக்கு வினா தந்தவர், போன வருடம் அதே ஊராட்சியில் தேறிய ஓர் அண்ணை. ட்ராம் பணிமனையில் வேலை செய்கிறார். தொலைபேசியில் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, கவனமாய்க் கேள். நேர்காணுற ஊராட்சிக் குழுவிலை ஒரு மனுசி இருக்குது. வெள்ளைத் தலை, கழுத்திலை கல்லு மாலை. முந்திப் புவியியல் ரீச்சர். என்னட்டை அல்ப்ஸ் எப்பிடி வந்ததெண்டு கேட்டது."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ரெண்டு தகடு மோதினதெண்டு சொன்னன். மனுசி விடேல்லை. அந்தத் தகட்டை எது அசைக்குதெண்டு கேட்டுது பார்! நான் என்ரை பழைய வாத்தியாரை நினைச்சுக்கொண்டு ஏதோ சொன்னன். பிறகு மனுசி சொன்னதுக்கெல்லாம் 'கெனாவ், கெனாவ்' எண்டு தலையாட்டினன். பாஸ்."

'கெனாவ்' என்றால் 'மிகச் சரி'. ஜெர்மன் மொழியில் ஒரு வெளிநாட்டானுக்கு இதைவிடப் பயனுள்ள சொல் கிடையாது.

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். உயர்தரப் பரீட்சைக்குப் புவியியல் படித்தவன் நான். விடை கைவசம் இருந்தது. பூமிக்குள்ளே சூடு. சூடான பாறை மேலே எழும், ஆறினது கீழே இறங்கும். இந்தச் சுழற்சிக்கு மேற்காவுகை என்று பெயர். எங்கள் ஆசிரியர் கரும்பலகையில் ஒரு பானை கீறி, உள்ளே இரண்டு பக்கமும் வளைந்த அம்புக்குறி போடுவார். பருப்புக் கொதிக்கும்போது மேலே நுரை நகர்வதுபோல, அந்த ஓட்டத்தின்மேல் புவித்தகடுகள் மிதந்து நகரும். அவ்வளவுதான். எழுது, மார்க்கை வாங்கு, வீட்டுக்குப் போ.

ஆனாலும் ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்வோம் என்று நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்தேன். அதில் என் பானை அப்படியே இருந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். உறுதியோடு வாழ விரும்புகிறவன் இரண்டாவது புத்தகத்தைத் திறக்கக் கூடாது.

இரண்டாவது புத்தகம் முதல் பக்கத்திலேயே என் பானையை உடைத்தது. தகடுகள் கொதிப்பின்மேல் சும்மா மிதந்து போகும் பயணிகள் அல்ல என்றது. நடுக்கடலின் அடியில் நீளமான மலைத்தொடர்கள் இருக்கின்றனவாம். அங்கேதான் புதிய தகடு பிறக்கிறது. சூடாகப் பிறப்பதால் அது உயரமாக நிற்கும். ஆறிக்கொண்டு சரிவில் வழுக்கும். வழுக்கும்போது தனக்கு முன்னால் இருப்பதைத் தள்ளும். சரி, அப்படியானால் தள்ளுகிறது. விடையை மாற்றிப் பாடமாக்கினேன்.

மூன்றாவது புத்தகம், தள்ளுவது உண்மைதான், ஆனால் அது சின்ன விசை என்றது. பெரிய விசை மறுபக்கத்தில் இருக்கிறது. கடலடித் தகடு கிழடாகக் கிழடாகக் குளிர்ந்து கனத்துப்போகும். ஒரு கட்டத்தில் அதன் விளிம்பு பூமிக்குள் அமிழத் தொடங்கும். அமிழ்கிற அந்தத் துண்டு, தனக்குப் பின்னால் இருக்கிற முழுத் தகட்டையும் இழுத்துக்கொண்டு போகும். ஆக, இழுக்கிறது. சூட்டினால் அல்ல, குளிர்ந்த கனத்தினால்.

நாலாவது புத்தகத்தை ஏன் எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. தள்ளுவது, இழுப்பது, கொதிப்பது என்று பிரிப்பதே தவறு என்றது அது. தகடுதான் அந்தக் கொதிப்பின் ஆறிய மேல்தோல். அமிழ்வதுதான் சுழற்சியின் கீழிறங்கும் பாதி. அது பானையின்மேல் மிதக்கும் நுரை இல்லை. பானையில் கிடப்பதே அதுதான். இதில் உள்ளே இருக்கிற பாறை திரவமும் இல்லையாம். திண்மம். ஆனால் ஓடும். எங்கள் ஊராட்சி அலுவலகத்தில் ஒரு கோப்பு நகர்வதை நேரில் பார்த்திருந்தபடியால் இதை மட்டும் என்னால் உடனே நம்ப முடிந்தது.

சமையலறையில் பெரிய கொப்பரைகளின் முன்னால் நின்று யோசிக்கத் தொடங்கினேன். வனிலாக் களி ஆறும்போது மேலே ஒரு தோல் படியும். ஒரு மூலையை அகப்பையால் அமுக்கினால் மற்ற மூலை அசைகிறதா என்று பார்ப்பேன். தலைமைச் சமையற்காரர் பிரான்சின் அல்சாஸிலிருந்து தினமும் எல்லை தாண்டி வருகிறவர். என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன, உள்ளே யாராவது விழுந்துவிட்டார்களா?"

"இல்லை. தகடு."

"எந்தத் தட்டு? எல்லாத் தட்டும் கழுவியாயிற்று" என்றுவிட்டுப் போனார். ஜெர்மனில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்.

விளக்கம் வீட்டில்தான் கிடைத்தது. ஒரு சனிக்கிழமை, கோயிலுக்குப் போக மனைவி பட்டுச்சேலை ஒன்றை எடுத்து, பளபளப்பான சாப்பாட்டு மேசையில் விரித்துவிட்டு அயன்பெட்டி எடுக்கப் போனாள். முந்தானைப் பக்கம் சரிகை கனம். அது மேசை விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் தொங்கியது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தொங்கிய பக்கம் மெல்ல இறங்கியது. பிறகு இன்னும் கொஞ்சம். பிறகு மேசையில் கிடந்த முழுச் சேலையும் ஒரு சத்தமும் இல்லாமல் நகர்ந்து, நிலத்தில் குவிந்தது. ஒருவரும் தள்ளவில்லை. மேசை கொதிக்கவில்லை.

"ஆ! விழுது, விழுது!" என்று கத்தினேன்.

மனைவி ஓடி வந்தாள். "விழுதெண்டு தெரிஞ்சா பிடிக்கிறதுக்கென்ன? கை இல்லயா?"

"இழுக்குது, பார்! தொங்கிற பக்கம்தான் இழுக்குது!"

"நீங்க ஒருக்கா டொக்டரிட்டப் போங்க" என்று சேலையை எடுத்து உதறினாள்.

அந்தச் சேலை எனக்கு அரை நாள்தான் உதவியது. மாலையில் அடுத்த அத்தியாயம் வாசித்தேன். அல்ப்ஸ் விஷயத்தில், ஐரோப்பாவுக்குத் தெற்கே முன்பு ஒரு கடல் இருந்ததாம். அந்தக் கடலடித் தகடு அமிழ்ந்து, ஐரோப்பாவைத் தெற்கே இழுத்து ஆபிரிக்கப் பக்கத் தகட்டோடு மோதவிட்டது. சரி. ஆனால் அமிழ்ந்த துண்டு பிறகு அறுந்து விழுந்திருக்கலாம் என்கிறார்கள். அறுந்திருந்தால் இப்போது இழுப்பது எது? மலை ஏன் இன்னமும் உயர்கிறது? எங்கள் பக்கத்து இந்தியத் தகடும் அப்படித்தான். முன்னால் இருந்த கடல் எப்போதோ அமிழ்ந்து முடிந்துவிட்டது, அது இன்னமும் வடக்கே போய் இமயமலையில் முட்டிக்கொண்டிருக்கிறது. ஏன் என்று அறிஞர்கள் சண்டை பிடிக்கிறார்கள். இலங்கையும் அந்தத் தகட்டில்தான் இருக்கிறது. அதாவது, நான் விமானத்தில் வந்தேன். என் ஊர் பின்னால் மெதுவாக வந்துகொண்டிருக்கிறது.

இந்த நிலையில் நேர்காணல் வந்தது.

நீண்ட மேசைக்கு அந்தப் பக்கம் நாலு பேர். தலைவர் நடுவயதுக்காரர், சைக்கிள் தலைக்கவசத்தைப் பக்கத்துக் கதிரையில் வைத்திருந்தார். ஓரத்தில் வெள்ளைத் தலை, கல்லு மாலை. அண்ணை சொன்னது சரி. குப்பை எடுப்பது எந்த நாள், ஊர் நீரூற்றுகள் எங்கே, அரசில் எத்தனை அமைச்சர் என்று முதலில் கேட்டார்கள். மனைவி ஒன்றும் பாடமாக்காமல் எல்லாம் சொன்னாள். அவள் பராமரிக்கும் கிழவர்கள் நாள் முழுக்கக் கதைப்பது இவற்றைத்தானே.

கல்லு மாலை அம்மையார் என் பக்கம் திரும்பினார். "மேலே குன்றில் ஏறினால் தெளிவான நாளில் அல்ப்ஸ் தெரியும். போயிருக்கிறீர்களா? அந்த மலைகள் எப்படி உண்டாயின என்று தெரியுமா?"

பரீட்சைத்தாளில் எதிர்பார்த்த வினாவைக் கண்ட மாணவனின் ஆனந்தத்தை, அதை அனுபவித்தவர்கள்தான் அறிவார்கள். தகடு, கடல், மோதல் எல்லாம் சொன்னேன்.

அம்மையார் மகிழ்ந்தார். "அருமை. தகடுகளை எது நகர்த்துகிறது? உள்ளே கொதிக்கிற ஓட்டம், அல்லவா? ஓடும் பட்டி ஒன்று பெட்டிகளைச் சுமந்து போவதுபோல."

கெனாவ். ஒரே ஒரு கெனாவ். வாய் வரை வந்த சொல் அது. ஆனால் பிழையான விடைக்குச் சரி போடுகிறார்களே என்று எனக்குள் ஒரு யாழ்ப்பாணத்து மாணவன் கொதித்து எழுந்துவிட்டான்.

"இல்லை, அம்மையார்" என்றேன்.

மேசைக்குக் கீழே மனைவியின் செருப்பு என் காலைத் தேடியது.

"இல்லையா? நான் காலமெல்லாம் அப்படித்தான் படிப்பித்தேன்."

"எனக்கும் அப்படித்தான் படிப்பித்தார்கள். அதுதான் பிரச்சினை. அமிழ்கிற விளிம்புதான் இழுக்கிறது." சேலைக் கதையைச் சொன்னேன். சரிகையையும் சொன்னேன்.

"ஆனால் அமிழ்வதும் அந்தக் கொதிப்பின் பகுதிதானே?"

"அப்படியும் ஒரு புத்தகம் சொல்கிறது."

"சரி, இழுத்த துண்டு அறுந்துவிட்டது என்கிறார்களே. பிறகு மலை ஏன் உயர்கிறது? பழைய பனிக்கட்டியின் பாரம் போனதாலா? மேல்மண் அரித்துப் போனதாலா?"

"அதுதான் அம்மையார் எனக்கும் விளங்கவில்லை."

"எனக்கும்தான்" என்றார் அம்மையார். கதிரையை முன்னால் இழுத்துப்போட்டார். நாங்கள் இருவரும் கைகளைத் தகடுகளாக்கி, ஒன்றின்கீழ் ஒன்றைச் செருகிக்கொண்டிருந்தபோது தலைவர் இருமினார்.

"நன்றி. மிகவும் பயனுள்ளது. கடைசியாக, எல்லோரிடமும் கேட்கிற கேள்வி. நீங்கள் ஏன் சுவிஸ் பிரஜையாக விரும்புகிறீர்கள்?"

மனைவி முதலில் சொன்னாள். தான் கழுவித் துடைத்துச் சாப்பாடு ஊட்டுகிற ஆட்கள் இந்த ஊர் ஆட்கள். அவர்களில் எத்தனையோ பேரின் கண்ணை மூடிவிட்டிருக்கிறாள். அவர்களுடைய வாக்கைத் தபாலில் போட்டிருக்கிறாள். இனித் தன்னுடையதையும் போட வேண்டும். அவளுடைய ஜெர்மனில் இலக்கணம் அங்கங்கே இடிந்து கிடந்தது. ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவரும் அசையவில்லை.

பிறகு என்னைப் பார்த்தார்கள்.

இந்தக் கேள்வியை அண்ணை எனக்குத் தரவில்லை. இது ஒரு கேள்வியா, யாரும் சொல்வார்களே என்று விட்டிருப்பார். நான் என் தலைக்குள் தேடினேன். அங்கே முழுவதும் பாறை.

"மனைவி சொன்னதுதான்" என்றேன்.

"நாங்கள் ஒவ்வொருவராகத்தான் முடிவு செய்கிறோம். உங்களுடைய காரணம்?"

"முப்பது வருடமாக இங்கே இருக்கிறேன்."

"அது தெரியும். முப்பது வருடமாக நீங்கள் குடியுரிமை கேட்கவில்லை. இப்போது ஏன்?"

நல்ல கேள்வி. எனக்கே அதன் விடையை அறிய ஆவலாக இருந்தது.

எங்களை வெளியே இருக்கச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் தலைவர் வந்தார். மனைவியின் கையைப் பிடித்துக் குலுக்கி, அவளுக்குக் குழு பரிந்துரை செய்யும் என்றார். என்னை இன்னொரு முறை தனியாகச் சந்திக்க வேண்டுமாம். "உங்கள் அறிவில் எங்களுக்குச் சந்தேகமில்லை. உங்கள் விருப்பம்தான் எங்களுக்குத் தெரியவில்லை" என்றார் மரியாதையாக.

ட்ராம் தரிப்பிடம் வரை மனைவி எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். ஏறி இருந்த பிறகுதான் தொடங்கினாள்.

"அந்த மனிசியோட என்னத்துக்குச் சண்டைக்குப் போனீங்க?"

"அது பிழையாய்ச் சொல்லிச்சுது."

"சொன்னா என்ன? அல்ப்ஸ் உங்கட காணியா?"

நான் ட்ராம் பயணச்சீட்டை நாலாக மடித்தேன்.

"எத்தினை புத்தகம் வாசிச்சீங்க. மல ஏன் வந்ததெண்டு வாசிச்சீங்க. நீங்க ஏன் வந்து இரிக்கீங்க எண்டு ஒரு நிமிஷம் யோசிக்கேலயா?" அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இப்ப நான் தனியப் போய் அதை வாங்கணும். அந்த வரிசைதான் எனக்கு எழுதியிரிக்குப் போல."

அண்ணைக்கும் செய்தி போய்விட்டது. "கெனாவ் எண்டு சொல்லச் சொன்னனான் எல்லே?"

"சொன்னனீங்கள் அண்ணை."

"பிறகு?"

"வாய் வரேல்லை."

"வாய் வரேல்லையோ! எங்கடை ஆக்கள் இதாலைதான் அழிஞ்சது. சரி, ரெண்டாவது தரம் சொல்லித்தாறன், எழுது: சனநாயகம், சுத்தம், நேரந்தவறாமை. மூண்டையும் கலந்து அடி."

பாடமாக்கினேன். கண்ணாடி முன்னால் நின்று சொல்லியும் பார்த்தேன். கண்ணாடியில் இருந்தவன் நம்பவில்லை. உண்மையான காரணத்தைத் தேடினால், அது இன்னும் மோசம். யாழ்ப்பாணத்தை விட்டு ஏன் வந்தேன்? சண்டை தள்ளியது என்று சொல்வேன். அப்படியானால் தள்ளப்படாமல் அங்கேயே இருந்த என் வகுப்பு நண்பர்கள்? சுவிஸில் இருந்த மாமா கூப்பிட்டு இழுத்தார் என்பேன். அவர் கூப்பிட்ட எத்தனையோ பேர் வரவில்லை. எல்லோரும் கொதித்த காலம் அது, நானும் அதில் ஒரு துண்டு என்றும் சொல்லலாம். நாலு புத்தகமும் என்னிடமே இருந்தன. எதை மேசையில் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

இரண்டாவது சந்திப்பில் தலைவரும் அம்மையாரும் மட்டும். தலைவர் அதே கேள்வியைக் கேட்டார். நான் சனநாயகத்தில் தொடங்கினேன். சுத்தத்துக்கு வரும்போது எனக்கே கூச்சமாகிவிட்டது.

"மன்னியுங்கள்" என்றேன். "மனைவி போடுவோம் என்றாள். சரி என்றேன். அவ்வளவுதான் நடந்தது. அவள் இந்த நாட்டில் ஒரு வரிசையில் தனியாக நின்றவள். இன்னொன்றில் தனியாக நிற்க வேண்டாம் என்று நினைத்தேன். வேறு காரணம் இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை."

"அவர் கேட்டிராவிட்டால்?" என்றார் தலைவர்.

"வதிவிட அட்டையோடு இருந்து, இந்த நாட்டைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டே சந்தோஷமாகச் செத்திருப்பேன்."

அம்மையார் கல்லு மாலையை உருட்டினார். "ஆக, இழுப்புத்தான்" என்றார்.

தலைவருக்கு விளங்கவில்லை. எனக்கும் முழுக்க விளங்கவில்லை. இருந்தாலும் இந்த முறை "கெனாவ்" என்றேன்.

அந்தச் சொல்லால் தேறினேனா, உண்மையைச் சொன்னதால் தேறினேனா, மூன்றாவது தடவை என்னைக் கூப்பிட அவர்களுக்குப் பொறுமை இல்லையா, தெரியாது. தேறினேன். என் கோப்புத் தாமதமானதால் மனைவியும் காத்திருந்தாள். அவளுடையது முடிந்து வந்தபோதும், என்னுடையது கன்டோன் என்கிற மாகாண அரசையும் தலைநகர் பேர்னையும் தாண்டி வரும்வரை கடவுச்சீட்டு எடுக்கப் போகவில்லை. படம் எடுக்கும் வரிசையில் ஒன்றாக நின்றோம். அவள் எனக்கு முன்னால் நின்று, இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள்.

பிறகு முதல் வாக்குச் சீட்டு வந்தது. ஊராட்சியின் பழைய நீச்சல் குளத்தைத் திருத்துவதா, வேண்டாமா. மனைவி சாப்பாட்டு மேசையில் இருந்து விளக்கப் புத்தகம் முழுவதையும் வாசித்தாள். ஆம் என்று எழுதினாள்.

"உங்கடயும் முடிஞ்சுதா?"

"ஓம்."

"என்ன போட்டீங்க?"

"வேண்டாம் எண்டு."

பேனையை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஏன்?"

யோசித்தேன். எனக்கு நீந்தத் தெரியாது. அந்தக் குளத்துக்கு ஒருநாளும் போனதில்லை. அதைத் திருத்துவதில் எனக்கு விரோதமும் இல்லை. அவள் ஆம் என்று எழுதியதைப் பார்த்துக்கொண்டுதான் எழுதினேன்.

"தெரியேல்லை" என்றேன்.

"நான் போட்டத நீங்க வெட்டிட்டீங்க. உங்கடதை நான் வெட்டிட்டன். இதுக்கா இவ்வளவு பாடுபட்டம்?" என்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது.

கவர்களை அவள்தான் ஒட்டினாள். அதில் அவளுக்குக் கைப்பழக்கம். பிறகு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இருவரும் தபால் பெட்டிக்கு நடந்தோம்.